பெட்டி இருந்த இடம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கு,

பயிற்சி வகுப்புக்கு வந்து தேனீ வளர்ப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தீர்கள். சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் நின்றால் என் முழங்கால் சண்டைக்கு வருகிறது. உட்கார்ந்து பேசினால் உங்களுக்கு முன்னால் நான் தூங்கிவிடுவேன். ஆகவே எழுதி அனுப்புகிறேன். யாராவது ஒருவர் வாசித்தால் போதும்.

பெட்டி செய்வது, சட்டத்தில் மெழுகு ஒட்டுவது, ராணியைத் தேடிப் பிடிப்பது எல்லாம் உங்கள் கையேட்டில் படம் போட்டு இருக்கிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. என் காலத்தில் அந்தப் படங்கள் கிடையாது. ஆனால் படம் இல்லாததால் நான் தவறு செய்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நான் செய்த பெரிய தவறு, விஷயம் நன்றாகத் தெரிந்திருந்தும் செய்தது.

நான் சேர்ந்த காலம், மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள். காகிதத்தில் எனக்கு டிமான்ஸ்ட்ரேட்டர், அதாவது செய்து காட்டுகிறவன், என்று பெயர். ஊர்களில் 'ஈக்கார ஐயா'. புத்தூரில் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்துகொண்டு, சைக்கிளின் பின்னால் ஒரு காலிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஸ்ரீரங்கத்திலிருந்து ஜீயபுரம் வரை சுற்றுவேன். போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி: "இதுங்களுக்கு அறிவு இருக்குங்களா?" இருபத்தைந்து வருஷம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக் களைத்துவிட்டேன். உங்கள் புத்தகத்தில் 'இயல்பூக்கம்' என்று போட்டிருக்கும். தோட்டத்தில் நாங்கள் பிறவிப் பழக்கம் என்போம். எந்தப் பெயர் வைத்தாலும் சரி, அது எதுவரைக்கும் வரும், எங்கே நின்றுபோகும் என்று தெரிந்துகொள்ளாமல் பெட்டியில் கை வைக்காதீர்கள்.

எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தது ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு. உத்தர வீதியில் ஒரு வைணவப் பெரியவர், தம் வீட்டுக் கொல்லையில் ஒரு பெட்டி வைத்திருந்தார். பெட்டியின் வாசல் சமையலறை ஜன்னலைப் பார்த்து இருந்தது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏன்காணும், இதுகள் தளிகை பண்ற இடத்துக்குள்ள வந்துடறதுகள். பெருமாள் அமுது செய்யறதுக்கு முன்னாடி இதுகள் ருசி பாத்துட்டுப் போறதுகள். ஏதாவது பண்ணும்."

நான் அப்போது புதுசு. இது ஒரு பிரமாதமா என்று பெட்டியை இருந்த இடத்திலேயே அரை வட்டம் திருப்பிவைத்தேன். வாசல் இப்போது பின்மதிலைப் பார்த்தது. ஐந்து நிமிஷ வேலை. அவர் கொடுத்த தீர்த்தத்தை வாங்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"நில்லும். வெளியில போனதுகள் வர்றதைப் பாத்துட்டுப் போம்."

வந்தன. வாசல் இருந்த பக்கத்துக்கே வந்தன. அங்கே இப்போது வெறும் பலகை. அந்தப் பலகையில் முட்டி முட்டி விழுந்தன. ஒரு சாண் சுற்றிப் போனால் வாசல், உள்ளே தாய், குஞ்சு, தேன், சகலமும். ஆனால் வாசல் எங்கே இருந்ததோ அங்கேதான் இருக்க வேண்டும் என்று அவை பிடிவாதமாக நின்றன. சாயங்காலத்துக்குள் பாதி, வாடை பிடித்துச் சுற்றிப் போய் உள்ளே நுழைந்தன. சரி, கற்றுக்கொண்டன என்று நினைத்தேன். மறுநாள் காலையில் புது வாசல் வழியாகப் புறப்பட்டுப் போனவை, திரும்பும்போது பழையபடி பலகையில் வந்து முட்டின. எல்லாம் சரியாவதற்கு நாலு நாள் ஆயிற்று.

பெரியவர் நாலு நாளும் பலகை போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தார். கடைசியில் சொன்னார்: "ஒரு மைல் போயிட்டு நேரா வரத் தெரியறது. ஒரு சாண் நகர்ந்தா தெரியலை. நம்மளவாளாத்தான் இருக்கணும்."

சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் அந்த நாலு நாளில் ஒன்று என் மண்டையில் நன்றாகப் பதிந்தது. தேனீக்குத் தன் வீடு தெரியாது. வீடு இருந்த இடம்தான் தெரியும். பெட்டியை நகர்த்த வேண்டுமானால் நாளொன்றுக்கு ஒரு முழம்தான் நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் வாசலை அடைத்து, ஒரேயடியாக இரண்டு மைலுக்கு அப்பால் கொண்டுபோக வேண்டும், அங்கே போனால் எல்லாம் புதுசு என்று அவை முதலிலிருந்து இடம் பார்த்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் எது செய்தாலும் வெளியே போன ஈக்கள் பழைய இடத்துக்கு வந்து சாகும். இதை நான் எத்தனை ஊரில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. இதைச் சொல்லிக் கொடுக்கத்தான் எனக்குச் சம்பளம்.

இனி ஜீயபுரம்.

அங்கே ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள படுகை நிலத்தில் ஒரு வாழைத் தோட்டம். குத்தகைக்கு எடுத்திருந்தவர் தென்னூர் காதர் ராவுத்தர். நல்ல மனிதர். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். அவர் தோட்டத்து ஓரத்தில், மூன்று மரக் காலில் மூன்று பெட்டிகள் இருந்தன. பெட்டிகள் காமாட்சியினுடையவை.

காமாட்சி அந்த ஊர் வேலு என்கிற குடியானவனின் தங்கை. அவள் புருஷன் பினாங்குக்குப் போய் ஐந்து வருஷமாகக் கடிதம் இல்லை. புருஷனுடைய அண்ணன் வீட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, ஒருநாள் நடந்தே ஜீயபுரம் வந்து சேர்ந்துவிட்டாள். அங்கே அவளை எப்படி வைத்திருந்தார்கள் என்பதற்குச் சாட்சியாக அவள் இடது முழங்கையில் ஒரு சூட்டுத் தழும்பு இருந்தது. அவளாக அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

பெட்டிகளை நான்தான் எழுதி வாங்கிக் கொடுத்தேன். பெண்பிள்ளை பெயருக்குப் பெட்டியா என்று ஆபீசில் மூக்கைச் சுளித்தார்கள். நானும் விடவில்லை. ஊரில் அவளைப்போல் பெட்டி பார்த்தவர் யாரும் கிடையாது. மூடியைத் திறக்கும்போது ஒரு ஈ நசுங்கினால்கூட 'அடடா' என்பாள். தேன் ஸ்ரீரங்கத்து வீடுகளுக்குப் போயிற்று. அண்ணன் வீட்டில் அவளும் தலை நிமிர்ந்து ஒரு வாய் சோறு சாப்பிட்டாள். வேலு கெட்டவன் இல்லை. என்னிடம் ஒருதரம் நேராகவே சொன்னான்:

"பெட்டி நிக்கிற வரைக்கும் அவளும் இங்க நிக்கட்டுங்க ஐயா. அதுவும் போச்சுன்னா அவ புருஷன் வூட்டு ஆளுங்க கிட்டயே கொண்டுபோய் விட்டுடுவேன். நான் என்னங்க பண்றது? எனக்கும் வூட்டுல ஆறு வாய் இருக்கு."

அவள் அப்போது கொஞ்சம் தள்ளி நின்று பெட்டிக் காலில் எறும்பு ஏறாமல் இருக்க வைத்திருந்த கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். காதில் விழாததுபோல் இருந்தாள்.

அந்த ஆடியில் மேற்கே நல்ல மழை. ஆற்றில் தண்ணீர் அதிகமாக வருகிறது, படுகையில் இருப்பவர்கள் ஏறிவிட வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். முதல் நாள் மாலையே எனக்குப் புத்தூரில் செய்தி வந்துவிட்டது. ராவுத்தரின் வண்டிக்காரர் தென்னூருக்குப் போகிற வழியில் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் விடியும் முன் கிளம்பிப் போயிருந்தால், ஈக்கள் வெளியே போவதற்குள் மூன்று வாசலையும் புல்லால் அடைத்து, அதே வண்டியில் ஏற்றி நாலு மைல் கொண்டுபோயிருக்கலாம். ஒரு ஈகூடச் செத்திருக்காது.

நான் போகவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு ஸ்ரீரங்கத்தில் மேலதிகாரி யாரோ இரண்டு விருந்தாளிகளைக் கூட்டிவந்து பெட்டி திறப்பதைக் காட்டச் சொல்லியிருந்தார். வெள்ளம் எப்படியும் மத்தியானம்தான் வரும், அதற்குள் போய்விடலாம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். விருந்தாளிகள் எட்டரைக்கு வந்தார்கள். தேன் நக்கிப் பார்த்துவிட்டு, "கொட்டாதா? கொட்டாதா?" என்று ஒன்பதரை வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேலதிகாரி என் தோளைத் தட்டினார். இப்போது நினைத்தால் அந்தத் தோளைக் கழற்றிப் போட்டுவிடலாம் என்று இருக்கிறது.

சைக்கிளை மிதித்துக்கொண்டு ஜீயபுரம் போய்ச் சேர்ந்தபோது பதினோரு மணி தாண்டிவிட்டது. ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. வானத்தில் மேகம் இல்லை, பளீரென்று வெயில். அந்த வெயிலில் தண்ணீர் சேற்று நிறத்தில் படுகைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. ராவுத்தரின் ஆட்கள் முற்றாத தார்களையெல்லாம் வெட்டிக் கரைமேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க ஐயா, மோசம் போயிட்டோம்" என்றார் ராவுத்தர். "முக்கொம்புல எல்லாக் கதவையும் தொறந்து கொள்ளிடத்துல தள்ளியும் இவ்ளோ வருது. அல்லாதான் காப்பாத்தணும்."

பெட்டிக் கால்களை அப்போது தண்ணீர் தொட்டிருந்தது. கணுக்கால் ஆழம். காமாட்சி மூன்று பெட்டிகளுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் தெளிந்தது. அதுதான் என்னை அவசரப்படுத்தியது என்று நினைக்கிறேன்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது என்ன என்று உங்களில் கெட்டிக்காரர் எவரும் சொல்லிவிடுவார். பெட்டிகளை இருந்த இடத்திலேயே நேர்மேலே உயர்த்தியிருக்க வேண்டும். வாழைத் தண்டு, மூங்கில், ஆள் எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தன. முடியாவிட்டால் இரண்டைத் தூக்கிக்கொண்டு ஒன்றையாவது அங்கேயே உயரமாகக் கட்டி வைத்திருக்க வேண்டும், வருகிற ஈக்கள் எல்லாம் அதில் இறங்கியிருக்கும். சாயங்காலம் வாசலை அடைத்து எடுத்துப் போயிருக்கலாம். எனக்கும் இது தெரியும். ஆனால் தண்ணீரைப் பார்த்ததும் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. தூக்கு, மேட்டுக்குக் கொண்டுபோ.

"தூக்கும்மா" என்றேன். "கரைக்குக் கொண்டுபோயிடலாம்."

அவள் உடனே தூக்கவில்லை. "ஐயா, வெளிய மேயப் போனதெல்லாம் எங்கங்க வரும்?" என்று கேட்டாள்.

"அதுங்களுக்கு வழி தெரியும்மா. வந்து சேர்ந்துடும். நீ தூக்கு."

இதைச் சொன்னது நான். ஸ்ரீரங்கத்துக் கொல்லையில் நாலு நாள் நின்று பார்த்த நான். ஊர் ஊராகப் போய் முழக் கணக்கும் மைல் கணக்கும் சொன்ன நான். நானும் அவளும் ராவுத்தரும் ஆளுக்கொரு பெட்டியாகத் தூக்கி, இருநூறு தப்படி தள்ளிக் கரைமேல் ஒரு புளிய மர நிழலில் வைத்தோம். வேலையை முடித்துவிட்டதாக நினைத்து நான் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

கால் மணி நேரம் கழித்துக் காமாட்சிதான் கையை நீட்டிக் காட்டினாள்.

பெட்டிகள் இருந்த இடத்தில், பெட்டி வாசல் இருந்த அதே உயரத்தில், வெறும் காற்றில் ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. மூன்று இடத்தில் மூன்று கொத்தாக. வெயில் ஏறிய நேரத்தில் ஒரு பெட்டியின் வேலைக்கார ஈக்களில் பெரும்பங்கு வெளியேதான் இருக்கும். அவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டிருந்தன. அது போதாதென்று, புளிய மரத்தடிப் பெட்டிகளிலிருந்து புறப்பட்டவையும் மேய்ந்துவிட்டு அங்கேயே போயின. கரையில் இருக்கும் பெட்டியைத் திரும்பிப் பார்த்தது ஒன்று இல்லை. மகரந்தச் சுமையோடு வந்து, கொஞ்ச நேரம் சுற்றி, களைத்து, மரக் கால்களின் நுனியில் உட்கார்ந்தன. இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. தண்ணீர் ஏற ஏற, கொத்துக் கொத்தாக உதிர்ந்து தண்ணீரோடு போயின.

எனக்கு வெட்கமாக இருந்தது. காமாட்சி என் சைக்கிளிடம் போய், பின்னால் கட்டியிருந்த காலிப் பெட்டியை அவிழ்த்தாள். முந்தானையைத் தலையைச் சுற்றி இழுத்துக் கட்டிக்கொண்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரைச் சரிவில் இறங்கித் தண்ணீருக்குள் நடந்தாள்.

"தங்கச்சி! எங்க போறே? ஏறி வா!" என்று ராவுத்தர் கத்தினார்.

அவள் நடு மரக் காலுக்குப் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் தொடை மட்டும் இருந்தது. பெட்டியை அந்தக் காலின்மேல் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலை வாசல் இருந்த திசைக்கே வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு ஈ இறங்கியது. அப்புறம் பத்து. அப்புறம் மூன்று கொத்தும் ஒன்றாகி, அவள் கைமேலும் முந்தானைமேலும் ஊர்ந்து உள்ளே போக ஆரம்பித்தன.

"ஐயா! அடை ஒண்ணு எடுத்துட்டு வாங்க!" என்று கூப்பிட்டாள். "உள்ள ஒண்ணும் இல்லேன்னு தெரிஞ்சுதுன்னா திரும்பிப் போயிடும்ங்க!"

அதைச் சொல்லித் தர வேண்டியவன் நான். அவள் எனக்குச் சொன்னாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன், தம்பிகளே. அப்போது என் கையில் இரண்டு வழிகள் இருந்தன. நான் உத்தியோகஸ்தன். அதட்டி அவளை மேலே கூப்பிட்டிருக்கலாம். ஈ போனால் போகட்டும், எழுதி வேறு பெட்டி வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வேறு பெட்டி வர ஒரு வருஷம் ஆகும், வேலு ஒரு மாதம்கூடப் பொறுக்கமாட்டான் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால் புளிய மரத்தடியில் ஒரு பெட்டியைத் திறந்து, முட்டையும் புழுவும் நிறைந்த அடைச் சட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு நானும் இறங்கினேன். எனக்கு நீச்சல் தெரியாது.

சட்டத்தை உள்ளே இறக்கினோம். அதன் வாடை கிடைத்ததும் ஈக்கள் மழைபோல் இறங்கின. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. மரக் கால் ஆட ஆரம்பித்தது. அவள் பெட்டியைக் காலிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்புறம் தலைக்கு ஏற்றினாள். கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தியதால் ஈக்களும் கூடவே உயர்ந்தன. அவளுக்கு இரண்டு மூன்று இடத்தில் கொட்டியிருந்தது. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"போதும்மா, வா" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் வருதுங்க. தோ, அது மட்டும்."

ராவுத்தர் தார் கட்டும் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, மறுமுனையைத் தம் ஆட்களிடம் கொடுத்துவிட்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அந்த ஒரு கணத்தில், வேரோடு பிடுங்கிக்கொண்டு உருண்டுவந்த ஒரு வாழைக் கட்டை அவள் இடுப்பில் மோதியது.

அவள் சாய்ந்தாள். பெட்டி அவள் தலையிலிருந்து நழுவியது. அவளுடைய ஒரு கை தண்ணீருக்கு மேலே வந்தது, என் முழங்கைக்கு ஒரு சாண் பக்கத்தில். கண்ணாடி வளையல்கள் வெயிலில் தெரிந்தன. எனக்கு இரண்டு கைகளும் காலியாகத்தான் இருந்தன.

இரண்டு கைகளும் பெட்டிக்குப் போயின.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இப்படியோ அப்படியோ ஒரு நியாயமாவது சொல்லிக்கொள்ளலாம். பெட்டி சரிந்தால் தாங்க வேண்டும் என்று தினம் தினம் பழகிய கைகள், சரிகிற பெட்டியைக் கண்டதும் போய்த் தாங்கின. அவ்வளவுதான். பலகையில் போய் முட்டிய ஈக்கும் எனக்கும் அந்த நேரத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. நான் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது அங்கே அவள் இல்லை.

ராவுத்தர்தான் பாய்ந்தார். நாற்பது தப்படி கீழே, நின்றுகொண்டிருந்த வாழை வரிசையில் அவள் சிக்கியிருந்தாள். ஒரு கையால் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். கயிற்றை இழுத்துக் கரையேற்றினார்கள். தோள்பட்டை இறங்கியிருந்தது, நிறையத் தண்ணீர் குடித்திருந்தாள், ஆனால் உயிர் இருந்தது. நான் தலையில் பெட்டியோடு தட்டுத் தடுமாறிக் கரையேறி அவள் பக்கத்தில் போய் நின்றேன். என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுகொண்டேயிருந்தேன்.

ராவுத்தர் மூச்சு வாங்கியபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். எப்போதும் பேசுகிற மனிதர்.

"பெட்டியக் கீழ வைங்க ஐயா" என்றார்.

தண்ணீர் மூன்றாம் நாள் வடிந்தது. புளிய மரத்தடியில் இருந்த மூன்று பெட்டிகளிலும் வேலைக்கார ஈக்கள் இல்லாமல் கூட்டம் நலிந்து, ஒரு வாரத்தில் மூன்றுமே பறந்து போய்விட்டன. நின்றது, தண்ணீரில் பிடித்து, கரையேறியதும் வாசலைப் புல்லால் அடைத்து, ராவுத்தர் வண்டியில் நாலு மைல் தள்ளிக் கொண்டுபோன அந்த ஒரு பெட்டிதான். மூன்று பெட்டி ஈக்களும் அதில் ஒன்றாகிப் புதிதாக ஒரு ராணியை வளர்க்கத் தொடங்கியிருந்தன. ஆபீசுக்கு நான் எழுதிய அறிக்கையில், வெள்ளத்தில் மூன்று கூட்டம் நஷ்டம், ஒன்று காப்பாற்றப்பட்டது என்று எழுதினேன். மேலதிகாரி பாராட்டி இரண்டு வரி அனுப்பினார். அந்தக் காகிதத்தை அன்றே அடுப்பில் போட்டேன்.

எட்டு நாள் கழித்து வேலுவின் வீட்டுக்குப் போனேன். தனியாகப் போகத் தைரியம் வராமல் ராவுத்தரையும் கூட்டிக்கொண்டு போனேன். காமாட்சி தோளில் கட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் இன்னும் வீங்கியிருந்தது. எங்களைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று கையமர்த்தினேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று எட்டு மைலும் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். பெட்டியை நகர்த்தியதற்கு ஒரு மன்னிப்பு. கையைப் பிடிக்காததற்கு ஒரு மன்னிப்பு.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அண்ணே, இந்தா, ஐயா வந்துட்டாங்க" என்று வேலுவைக் கூப்பிட்டாள். "நான் சொன்னேன்ல? தண்ணிக்குள்ள போறப்ப பாத்தேன். ஐயா பெட்டியப் பிடிச்சுட்டாங்க. அப்பறம் எனக்குப் பயமே இல்ல. எங்க அடிச்சுட்டுப் போனாலும் சரின்னு இருந்தேன். என்னப் பிடிச்சிருந்தாங்கன்னா பெட்டி போயிருக்கும். பெட்டி போயிருந்தா நான் இப்ப எங்க இருப்பேன்?"

வேலு தலையைக் குனிந்துகொண்டான். "இங்கதான் இருப்பே, வேற எங்க போறே" என்று முணுமுணுத்தான். அதை அவன் முதல்முறையாகச் சொல்கிறான் என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அந்த அவசரத்துலயும் என் நெலமைய யோசிச்சுத்தானேங்க பெட்டியப் பிடிச்சீங்க?"

ராவுத்தர் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரியும். பத்தடி தூரத்திலிருந்து என் முகத்தையும் கையையும் பார்த்தவர் அவர்.

"ஆமாம்மா" என்றேன்.

காமாட்சி அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். ஒரு பெட்டி நாலாயிற்று, நாலு ஒன்பதாயிற்று. வருஷா வருஷம் என்னைப் பார்க்கும்போதெல்லாம், புதிதாக வந்த யாரிடமாவது அந்தக் கதையைச் சொல்லி, "எப்பேர்ப்பட்ட மனசு பாருங்க" என்பாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். இந்தத் தடவை சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். போன தை மாதம் அவள் இறந்துபோனாள் என்று ராவுத்தரின் மகன் வந்து சொல்லிவிட்டுப் போனார். கேட்க வேண்டியவளிடம் சொல்லாமல் விட்டதை, என்னை யாரென்றே தெரியாத உங்களிடம் சொல்கிறேன்.